‘ஃபில்டர் சுத்தம் செய்யப்பட்டதா?’: ஒரு வரியைப் பற்றிய விமர்சனம்

இங்கே வழக்கமாக ஏதாவது புத்தகத்தையோ பழைய ஆவணத்தையோ எடுத்துவைத்துக்கொண்டு எழுதுவேன். இந்த முறை எடுத்திருப்பது ஒரே ஒரு வரி.

“மெயின் மோட்டார் ஏர் ஃபில்டர் சுத்தம் செய்யப்பட்டதா? ஆம் / இல்லை.”

பெரிய மோட்டார் ஓடுகிற ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வரியை அறிமுகப்படுத்தவே வேண்டாம். ஓசூர் சிப்காட்டில் இருக்கும், சூளகிரி தாண்டினால் இருக்கும், அந்தப் பக்கம் அத்திப்பள்ளி, ஜிகணியில் கன்னடத்தில் பேசிக்கொண்டே இதே ஆங்கில வரிக்கு டிக் போடுவார்கள். பார்க்க அப்பாவியான வரி. ஆனால் இதில் மூன்று பெரிய குறைகள் இருக்கின்றன என்பது என் வாதம். இந்த வரியை வைத்து ஒருவருடைய வேலை போனதை நான் பார்த்தேன். அந்த வரியை சாஃப்ட்வேருக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தவனும் நான்தான். அதனால் இது என் மேலேயே எழுதிக்கொள்ளும் விமர்சனமும்தான்.

என்ன நடந்தது

ஓசூரில் வீடு, பெங்களூரில் வேலை என்று தினமும் அத்திப்பள்ளி நெரிசலில் நிற்கிற ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருத்தன். பி.ஈ. படித்தது எலக்ட்ரிகல். சோறு போடுவது சாஃப்ட்வேர். கூடப் படித்த நண்பன் ஒருவன் கிருஷ்ணகிரி போகிற வழியில் ஒரு ஆலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறான். ஆலையின் பெயர் இங்கே தேவையில்லை.

“பேப்பர் செக் ஷீட் எல்லாம் ஆடிட்ல மானத்த வாங்குதுடா. சின்னதா ஒரு ஆப் பண்ணிக் குடேன்” என்றான். இரண்டு வார இறுதியில் செய்து கொடுத்தேன். ஒவ்வொரு மெஷின் மேலும் ஒரு கியூஆர் ஸ்டிக்கர். ஹெல்ப்பர் போனில் ஸ்கேன் பண்ணினால் கேள்விகள் வரும். ஆம், இல்லை என்று தட்டினால் பெயரும் நேரமும் பதிவாகிவிடும். கேள்விகளை நான் யோசிக்கவில்லை. பேப்பரில் இருந்ததை அப்படியே தட்டச்சு செய்தேன்.

எட்டு மாதம் கழித்து அங்கே 250 கிலோவாட் டிசி மோட்டார் ஒன்று ஃபிளாஷ் ஓவர் ஆகி நின்றுவிட்டது. லைன் நான்கு நாள் நின்றது. ரீவைண்டிங் கடையில் திறந்து பார்த்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் தூசி. கார்பன் பிரஷ்ஷின் கரித்தூளும் கல்தூசியும் கலந்து கம்யூட்டேட்டர் பக்கம் அடைபோல அப்பிக்கிடந்தது. மேனேஜ்மென்ட் உடனே எடுத்துப் பார்த்தது என் ஆப் கொடுத்த ரிப்போர்ட்டை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் “ஃபில்டர் சுத்தம்: ஆம்”. பக்கத்தில் ஒரே பெயர். காண்ட்ராக்ட் ஹெல்ப்பராக இருந்த ஒரு தம்பி. “உள்ளே இவ்வளவு தூசின்னா இவன் பொய்யா டிக் போட்டிருக்கான்” என்று முடிவு செய்தார்கள். அடுத்த வாரம் காண்ட்ராக்டர் அவரை நிறுத்திவிட்டார்.

நண்பன் போனில் இதைப் பாராட்டாகத்தான் சொன்னான். “உன் ஆப் நல்லா உதவுச்சுடா. இல்லன்னா ஆளக் கண்டுபிடிச்சிருக்கவே முடியாது.”

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. படித்தது எலக்ட்ரிகல் என்பதால் உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. நம்பர் வாங்கி, அந்தத் தம்பியை சூளகிரியில் ஒரு டீக்கடையில் பார்த்தேன்.

“சார், நான் ஒரு திங்கக்கிழமை கூட விட்டதில்ல சார். கழட்டி, கம்ப்ரஸர் காத்துல நல்லா ஊதி, திரும்ப மாட்டிட்டுதான் போன எடுப்பேன்.”

அவர் சொன்னதைச் சரிபார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பனோடு ஆலைக்குப் போனேன். பழைய ஃபில்டர் ஸ்கிராப்பில் கிடந்தது. எடுத்து வெயிலில் பிடித்தேன். நடுவில் வெளிச்சம் நேராக வந்தது. காற்று நாசில் பட்டுப்பட்டு நார் பிரிந்து, பஞ்சு மாதிரி மெலிந்து, இரண்டு இடத்தில் ஓட்டை. சட்டத்தின் ஒரு பக்கம் ரப்பர் கேஸ்கெட்டே இல்லை. என் விரல் உள்ளே போனது.

தம்பி பொய் சொல்லவில்லை. வாராவாரம் ஒழுங்காகச் சுத்தம் செய்ததில்தான் அந்த ஃபில்டர் செத்தது. டிக் உண்மை. கேள்விதான் தவறு.

ஒரு மோட்டார் எவ்வளவு மூச்சு விடும்

கேள்வி ஏன் தவறு என்று சொல்வதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு.

சாதாரணமாக நாம் பார்க்கும் மோட்டார்கள் மூடிய உடம்பு கொண்டவை. வெளியே வரிவரியாகத் துடுப்புகள், பின்னால் ஒரு விசிறி. அவற்றுக்கு ஃபில்டர் கிடையாது. பெரிய டிசி மோட்டார்கள் பலவற்றில் கதை வேறு. மோட்டார் தலைமேல் தனியாக ஒரு புளோயர் உட்கார்ந்திருக்கும். அது வெளிக்காற்றை ஃபில்டர் வழியாக இழுத்து ஆர்மேச்சருக்கும் ஃபீல்ட் காயில்களுக்கும் நடுவே தள்ளும். குளிர்விக்கும் முறைகளுக்கான சர்வதேசக் குறியீட்டில் இதற்கு ஐ.சி. 06 என்று பெயர். அதாவது வெளிக்காற்று நேராகக் காயிலைத் தொடுகிறது. நடுவே காவலுக்கு இருப்பது அந்த ஃபில்டர் மட்டும்தான்.

250 கிலோவாட் மோட்டாரின் திறன் 93 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முழு லோடில் சுமார் 19 கிலோவாட் வெப்பமாக வீணாகும். வீட்டு வாட்டர் ஹீட்டர் ராடு ஒன்று 1 கிலோவாட் என்றால், பத்தொன்பது ராடுகளை ஒரு இரும்புப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிய மாதிரி. அந்த வெப்பத்தை, காற்று 20 டிகிரிக்கு மேல் சூடாகாமல், வெளியே எடுத்துப்போக வேண்டும் என்றால் வினாடிக்குச் சுமார் 0.9 கன மீட்டர் காற்று வேண்டும். ஓசூர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருக்கிறது. இங்கே காற்று கொஞ்சம் லேசு. அதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஒரு மணி நேரத்துக்குப் பெருக்கினால் 3,200 கன மீட்டருக்கு மேல். எடையில் பார்த்தால் 3 டன்னைத் தாண்டும்.

மணிக்கு 3 டன் காற்றை மூச்சாக இழுக்கும் எந்திரம் அது. இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த வரிக்குத் திரும்புவோம்.

முதல் குறை: காலண்டரைக் கேட்கிறது

“வாரம் ஒருமுறை”, “மாதம் ஒருமுறை” என்று செக் ஷீட்டில் இருக்கும். நம் பாடப்புத்தகங்களிலேயே தினசரி, வாராந்திரம், மாதாந்திரம், அரையாண்டு, ஆண்டு என்று ஒரு மோட்டார் பராமரிப்பு அட்டவணை உண்டு. நானும் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணியிருக்கிறேன். தூசி நிறைந்த இடத்தில் இருக்கும் திறந்த வகை மோட்டாரை வாரா வாரம் காற்றடித்துச் சுத்தம் செய் என்பது அதில் ஒரு வரி. மோட்டார் நிறுவுதல், பராமரிப்புக்கென்றே ஐ.எஸ். 900 என்று இந்தியத் தரநிலை ஒன்று இருக்கிறது. ஆனால் ஷாப் ஃப்ளோரில் புழங்குவது எங்கிருந்தோ படியெடுத்த, படிக்குப் படி தேய்ந்துபோன அட்டவணைதான்.

தூசிக்குக் காலண்டர் தெரியாது. நம் நாட்டின் காற்றுத் தர அளவுகோலில் 10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்களுக்கு 24 மணி நேர வரம்பு, கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். காற்று அந்த அளவில் இருந்தால், மேலே சொன்ன மோட்டார் ஒரு மாதம் இடைவிடாமல் ஓடும்போது ஃபில்டருக்கு வந்து சேரும் தூசி கால் கிலோவுக்குக் கீழே. அதே மோட்டாருக்குப் பக்கத்தில் கல் அறுக்கும் யார்டோ கிரஷரோ வந்து, தூசி கன மீட்டருக்கு 1 மில்லிகிராம் ஆனால்? இரண்டு கிலோவுக்கு மேல். மாதம் அதே மாதம். செக் ஷீட்டில் வரியும் அதே வரி.

நம்ம பகுதியில் இந்த வித்தியாசம் சில கிலோமீட்டருக்குள்ளேயே வந்துவிடும். ஓசூர் சிப்காட் உள்ளே மரம் வைத்த சாலைகள் இருக்கின்றன. அங்கிருந்து 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரி நோக்கி இறங்கினால் குவாரிகளும் கல் லாரிகளும். பர்கூர் பக்கம் கிரானைட். ஜிகணியில் அறுத்துப் பாலிஷ் போடும் யூனிட்டுகள். கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் ஆலைகளை எடுத்துக்கொள்ளுங்கள்: சீசனில் ராப்பகலாக ஓடும் மோட்டார் மற்ற மாதங்களில் சும்மா கிடக்கும். சீசனில் மாதம் ஒருமுறை போதாமல் போகலாம். சீசன் இல்லாத காலத்தில் ஃபில்டரைத் தொடவே வேண்டியதில்லை. காலண்டர் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும்.

இரண்டாவது குறை: செயலைக் கேட்கிறது, நிலையைக் கேட்பதில்லை

“சுத்தம் செய்யப்பட்டதா?” என்பது ஆளைப் பற்றிய கேள்வி. ஃபில்டரைப் பற்றிய கேள்வி இல்லை. அந்த ஆள் வேலை செய்தாரா என்றுதான் அது விசாரிக்கிறது. ஃபில்டர் ஓட்டையா, கேஸ்கெட் இருக்கிறதா, காற்று போகிறதா என்பதற்கெல்லாம் அந்த வரியில் இடமே இல்லை.

நார் ஃபில்டரைப் பற்றி நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று: கொஞ்சம் அழுக்கான ஃபில்டர், புது ஃபில்டரைவிட நன்றாகத் தூசியைப் பிடிக்கும். ஏற்கெனவே உட்கார்ந்த தூசியே அடுத்து வரும் தூசிக்கு வலையாகிவிடும். காற்று போக எதிர்ப்பு கூடுவதுதான் அதற்கு நாம் கொடுக்கும் விலை. ஆக, ஃபில்டருக்கு மாற்ற வேண்டிய நேரம் என்று ஒன்று உண்டு. அதற்கு முன்னால் கைவைப்பதும் கெடுதல், பின்னால் விடுவதும் கெடுதல். அடிக்கடி ஊதினால் நார் பிரியும். கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் கேஸ்கெட் தேயும். கம்பி வலை ஃபில்டரைக் கழுவி ஈரம் காயாமல் மாட்டினால் அந்த ஈரம் காயிலுக்குத்தான் போகும். கழுவிக் காயும்வரை ஃபில்டரே இல்லாமல் மோட்டாரை ஓட்டுவதும் நடக்கிறது, உற்பத்தி நிற்கக்கூடாதே.

இத்தனை தவறு நடந்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் “ஆம்”தான். உண்மையான “ஆம்”.

மூன்றாவது குறை: ஊதுகிறவரை மறந்துவிட்டது

இதை எழுதும்போதுதான் எனக்கே வெட்கமாக இருந்தது. முதலில் என் குறிப்பில் இந்தப் பகுதி இல்லை.

ஆலைக் காற்று லைனில் அழுத்தம் பெரும்பாலும் 6, 7 பார் இருக்கும். அதை நேராக ஃபில்டரில் அடித்தால் தூசி எங்கே போகும்? கொஞ்சம் தரைக்கு. கொஞ்சம் பக்கத்து மெஷினுக்கு. மிச்சம், பிடித்துக்கொண்டு நிற்பவரின் மூக்குக்கு. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிகளில் சுத்தம் செய்யப் பயன்படுத்தும் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டுக்குள் இருக்க வேண்டும் என்று உண்டு. அது சுமார் 2 பார். நாம் அடிப்பது அதற்கு ஏறக்குறைய மூன்று மடங்கு.

வெறும் தூசி என்று சொல்லிவிட முடியாது. கிருஷ்ணகிரிப் பகுதியில் ‘பிளாக் கிரானைட்’ என்று விற்கும் கருங்கல், புவியியல்படி டாலரைட். அதில் குவார்ட்ஸ் குறைவு. ஆனால் உண்மையான கிரானைட், நைஸ் வகைக் கற்களில் குவார்ட்ஸ் தாராளம். குவார்ட்ஸ் என்றால் படிகச் சிலிக்கா. மூச்சோடு நுரையீரலின் அடிவரை போகக்கூடிய அதன் நுண்தூசியை, புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை 1997இல் முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியது. சிலிகோசிஸ், 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையிலேயே இடம்பெற்ற நோய். வந்தால் நுரையீரல் திரும்பாது. கர்ச்சீஃபை மூக்கில் கட்டிக்கொள்வதால் இந்த அளவு நுண்தூசி நிற்காது.

மோட்டாரின் நுரையீரலைக் காப்பாற்ற எழுதிய வரி, அதைச் செய்கிறவரின் நுரையீரலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எந்த இடத்தில், எதை வைத்து, என்ன மாஸ்க் போட்டுக்கொண்டு சுத்தம் செய்யணும் என்று ஒன்றுமே இல்லை. வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுக்கலாம் என்ற சின்ன விஷயம்கூட இல்லை.

அம்மீட்டருக்குத் தெரியாது

“மோட்டாருக்கு ஏதாவதுன்னா ரிலே டிரிப் ஆகியிருக்கணுமே?” என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. நானும் ஒரு நிமிஷம் தடுமாறினேன்.

ஓவர்லோடு ரிலே பார்ப்பது கரண்ட்டை. கரண்ட் கூடினால் காயில் சூடாகியிருக்கும் என்பது அதன் அனுமானம். அந்த அனுமானத்துக்கு அடியில், காற்று ஒழுங்காக வருகிறது என்ற இன்னொரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. ஃபில்டர் அடைத்தால் லோடு மாறாது, கரண்ட் ஏறக்குறைய அப்படியே இருக்கும், ஆனால் வெப்பம் வெளியே போகாது. பாதிக் காற்றுதான் வருகிறது என்றால், 20 டிகிரி சூடாகி வெளியே வரவேண்டிய காற்று 40 டிகிரி சூடாகி வரும். காயில் அதற்கும் மேலே. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் கூடுவதால் சூடு இன்னும் சூட்டை வளர்க்கும். அம்மீட்டர் முள் அசையாமல் நிற்கும்.

இன்சுலேஷன் பற்றி ஒரு பழைய கட்டைவிரல் விதி உண்டு: வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். 1930இல் மான்ட்சிங்கர் என்ற பொறியாளர் டிரான்ஸ்பார்மர்களை வைத்துச் சொன்னதில் இருந்து வளர்ந்தது இது. 1948இல் டேக்கின் என்பவர் இதற்கு வேதியியல் அடிப்படை கொடுத்தார். 20 டிகிரி கூடினால் கால் பங்கு. இருபது வருஷம் ஓட வேண்டிய காயில் ஐந்து வருஷத்தில் மொறுமொறுவென்று ஆகிவிடும்.

நண்பனின் ஆலையில் நடந்தது இதற்கு நேர்மாறான வாசல் வழியாக. அங்கே ஃபில்டர் அடைக்கவில்லை, கிழிந்தது. தூசி உள்ளே போனது. புளோயர் இறக்கையில் அப்பி அதன் காற்றைக் குறைத்தது. காயில் மேல் கம்பளி போர்த்தியது. கடைசியில் கரித்தூளோடு சேர்ந்து மின்சாரத்துக்குப் பாதை போட்டது. அடைத்தாலும் கிழிந்தாலும், கரண்ட்டை மட்டும் பார்க்கிறவருக்கு மோட்டார் ஆரோக்கியமாகத்தான் தெரியும்.

இப்படி ஆகக்கூடாது என்றுதான் இந்த வகை மோட்டார்களில் காற்றோட்டத்தைக் கவனிக்க ஒரு ஏர் ஃப்ளோ சுவிட்ச் வைக்கிறார்கள். காற்று குறைந்தால் அது மோட்டாரை நிறுத்த வேண்டும். பேனலைத் திறந்து பார்த்தோம். சுவிட்ச் இருந்தது. அதன் இரண்டு டெர்மினலையும் ஒரு துண்டு ஒயர் இணைத்திருந்தது. “சும்மா சும்மா டிரிப் ஆகுதுன்னு எப்பவோ யாரோ பைபாஸ் பண்ணது” என்றார் எலக்ட்ரீஷியன். எப்போது, யார் என்று எந்தப் பதிவிலும் இல்லை. என் ஆப் அதைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

ஹெல்ப்பர் ஃபில்டரை ஊதியது நிமிஷக் கணக்கோடு பதிவாகியிருந்தது. பாதுகாப்புச் சுவிட்சையே செயலிழக்க வைத்தவருக்கு ஒரு பதிவும் இல்லை. ஒரு ஆவணம் யாரைக் கேள்வி கேட்கிறது, யாரைக் கேட்பதில்லை என்று பார்த்தாலே அது யாருக்காக எழுதப்பட்டது என்று தெரிந்துவிடும்.

என் கோடில் இருந்த பிழை

டீக்கடையில் அந்தத் தம்பி இன்னொன்றும் சொன்னார். எனக்கு அதுதான் நன்றாக உறைத்தது.

“மூணாவது மாசமே ஃபில்டர் நஞ்சு போச்சு சார். சூப்பர்வைசர்கிட்ட வாயால சொன்னேன். ஆப்ல ‘இல்லை’ன்னு போடலாம்னு பாத்தேன். அது காரணம் கேக்குது, போட்டோ கேக்குது, அப்புறம் இங்கிலீஷ்ல டைப் பண்ணச் சொல்லுது. ‘ஆமா’ன்னு தட்டினா அதோட முடிஞ்சிருது.”

வாஸ்தவம். அப்படித்தான் எழுதியிருந்தேன். “இல்லை” என்றால் விளக்கம் கட்டாயம் என்று வைத்தது சோம்பேறித்தனத்தைத் தடுக்கத்தான். ஆனால் நடைமுறையில் நான் கட்டியது, உண்மைக்குச் சுங்கம் வசூலிக்கும் ஒரு கேட். “ஆம்” ஃப்ரீயாகப் போகும். “இல்லை” நின்று கட்டணம் கட்டணும். அதுவும் வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், காண்ட்ராக்டரிடம் கன்னடம் என்று மூன்று மொழி பேசும் ஒருவரிடம் நான்காவது மொழியில் டைப் பண்ணச் சொல்லி. ஓசூரில் மூன்று மொழி பேசாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த ஊர்க்காரனான நானே ஆங்கிலத்தில் மட்டும் ஆப் பண்ணியிருந்தேன்.

பேப்பரில் இருந்தவரை அந்தச் செக் ஷீட்டை யாரும் முழுசாக நம்பியதில்லை. ஓரத்தில் பேனாவால் “கேஸ்கெட் இல்லை” என்று கிறுக்கி வைக்கவாவது இடம் இருந்தது. நான் அந்த ஓரத்தை எடுத்துவிட்டு, நேரத்தையும் பெயரையும் சேர்த்து, அதைச் சாட்சியமாக மாற்றிக் கொடுத்தேன்.

நண்பனின் பதில்

நண்பன் சும்மா விடவில்லை. அவன் தரப்பையும் சொல்லிவிடணும்.

“காலண்டர் இல்லன்னா எவனும் பக்கத்துலயே போக மாட்டான்டா. டிக் இருக்குன்னுதான் வாரம் ஒரு தடவையாவது ஒரு மனுஷன் அந்த மோட்டார் முன்னாடி போய் நிக்கறான்” என்றான். இதில் உண்மை இருக்கிறது. ஜப்பானில் 1970களில் வளர்ந்த டி.பி.எம். முறையின் அடிப்படைப் பாடமே, சுத்தம் செய்வதும் சோதிப்பதும் ஒன்றுதான் என்பது. துடைக்கிற கைக்குத்தான் விரிசல் தட்டுப்படும். இந்தப் பகுதிக்கு அது புதிதுமில்லை. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் மோட்டார் 2002இலேயே டெமிங் பரிசு வாங்கியது. அந்த மாதிரிப் பெரிய இடங்களைப் பார்த்துத்தான் சுற்றியிருக்கும் சின்ன ஆலைகளும் செக் ஷீட் போட ஆரம்பித்தன.

ஆனால் வந்து சேர்ந்தது படிவம் மட்டும். துடைக்கிறவர் கண்டதைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்டு, அடுத்த ஷிஃப்ட்டுக்குள் ஏதாவது செய்ய வேண்டும் என்ற மறுபாதி வரவில்லை. தம்பி வாயால் சொன்னதும் போகவில்லை, ஆப்பிலும் போகவில்லை. சோதனை என்பது போய் வெறும் துடைப்பு மிஞ்சியது. அதனால் நண்பனோடு என் சண்டை டிக் வேண்டுமா வேண்டாமா என்பதில் இல்லை. மோட்டார் முன்னால் போய் நிற்கும் அந்த மனுஷனிடம் நாம் என்ன கேட்கிறோம் என்பதில்தான்.

வேறு என்ன கேட்கலாம்

“ஃபில்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அழுத்த வித்தியாசம் எத்தனை மில்லிமீட்டர்?”

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இதற்குப் பெரிய கருவி வேண்டாம். கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூபில் ஒரு முழத்தை வெட்டி, யு மாதிரி வளைத்து, ஒரு பலகையில் ஸ்கேலோடு கட்டி, பாதிவரை கலர் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனை வெளிக்காற்றில். மறு முனை ஃபில்டருக்கும் புளோயருக்கும் நடுவே ஒரு சின்ன ஓட்டையில். புளோயர் இழுக்கும்போது அந்தப் பக்கத் தண்ணீர் ஏறும். இரண்டு பக்க மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் எண். ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் 9.8 பாஸ்கல். இந்த வகை முரட்டு ஃபில்டர்களுக்கு ஐரோப்பாவின் பழைய ஈ.என். 779 தரநிலையில் இறுதி அழுத்தம் 250 பாஸ்கல் என்று இருந்தது. அதாவது டியூபில் சுமார் 25 மில்லிமீட்டர். உங்கள் மோட்டாருக்கு எவ்வளவு என்பதை அதன் தயாரிப்பாளர் கொடுத்த கையேட்டில்தான் பார்க்க வேண்டும். அது எப்படியிருந்தாலும், புது ஃபில்டர் மாட்டிய அன்றைக்கு வரும் எண்ணைப் பலகையிலேயே பெயிண்டில் எழுதிவிடணும்.

எண் ஏறிக்கொண்டே போனால் ஃபில்டர் அடைகிறது. எழுதிவைத்த எண்ணுக்கும் கீழே இறங்கினால் ஃபில்டர் கிழிந்திருக்கிறது, அல்லது கேஸ்கெட் போயிருக்கிறது, அல்லது புளோயரே பலவீனமாகிவிட்டது. கேபிள் மாற்றும்போது பேஸ் மாறிப் புளோயர் எதிர்ப்பக்கம் சுற்றினாலும் கொஞ்சம் காற்று வரத்தான் செய்யும். கையை வைத்துப் பார்த்தால் தெரியாது, டியூபில் தெரியும். அந்தத் தம்பியின் மோட்டாரில் இது இருந்திருந்தால், மூன்றாவது மாதமே எண் கீழே விழுந்திருக்கும். யாரும் யாரையும் நம்ப வேண்டிய அவசியமே வந்திருக்காது.

மற்றவை எல்லாம் சின்னச் செலவுகள். ஒரு மோட்டாருக்கு இரண்டு செட் ஃபில்டர்: ஒன்று ஓடட்டும், ஒன்று காயட்டும். ஊதுவதற்குப் பதில் வாக்குவம். ஊதியே ஆகணும் என்றால் அழுத்தம் குறைத்து, வெளியே தனி இடத்தில், தூசிக்கென்றே உள்ள மாஸ்க்கோடு. ஏர் ஃப்ளோ சுவிட்ச் பைபாஸ் ஆகியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை, ஹெல்ப்பரிடம் இல்லை, இன்ஜினியரிடம் கேட்கும் ஒரு கேள்வி. மெகர் ரீடிங்கை எழுதி மூடி வைக்காமல் போன தடவை எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அந்த ஆலையின் பழைய ரிஜிஸ்டரில் அந்த மோட்டாரின் மெகர் ரீடிங் ஒவ்வொரு முறையும் முந்தையதைவிடக் குறைந்துகொண்டேதான் வந்திருந்தது. தனித்தனிப் பக்கத்தில் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

இப்போதைக்கு

இதையெல்லாம் நான்கு பக்கத்தில் எழுதி, ஃபில்டர் போட்டோவோடு நண்பனுக்கு அனுப்பினேன். அவன் மேலே அனுப்பினான். “அந்தப் பையன் மேல தப்பு இல்ல” என்று மீட்டிங்கில் ஒருவர் சொன்னாராம். அதை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டேன். இன்னும் வரவில்லை. தம்பி இப்போது பெங்களூர் பக்கம் வேறு இடத்தில் இருக்கிறார். “விடுங்க சார், பழசு” என்கிறார். அவருக்குப் பழசாக இருக்கலாம். என் சர்வரில் அந்த முப்பத்துச் சொச்சம் “ஆம்”களும் அவர் பெயரோடு அப்படியே இருக்கின்றன. அவற்றை அழிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், “இந்தப் பதிவு உண்மை. வேலை நடந்தது. பழுதுக்குக் காரணம் இது இல்லை” என்று ஒரு குறிப்பு சேர்த்திருக்கிறேன். ரிப்போர்ட் எடுத்தால் இனி அதுவும் சேர்ந்துதான் அச்சாகும்.

ஆப்பில் ஆம் / இல்லை பொத்தான்களை எடுத்துவிட்டேன். இப்போது ஒரு எண்தான் கேட்கும். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தியில் கேட்கும். “எனக்குச் சரியாப் படல” என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தட்டக் காரணம் எழுத வேண்டாம். தட்டினால் விளக்கம் கொடுக்க வேண்டியவர் சூப்பர்வைசர்.

போன மாதம் முதல்முறையாக யாரோ அந்தப் பொத்தானைத் தட்டியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் டியூபில் தண்ணீர் வற்றியிருந்தது, அவ்வளவுதான். ஊற்றி வைத்தார்கள்.